போனில் எடுத்த அளவு

உடுப்பு டிசைன் ஆளைப் பார்த்துச் செய்கிற வேலை; நாங்கள் அதை ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் படித்தோம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இப்படிப் படித்தவர்கள் இருந்தால், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தெரிந்த கை

கொழும்பிலிருந்து டீச்சர் போனைத் துணிக்கு நேரே பிடித்து வெட்டிக் காட்டுவார். நாங்களும் அப்படியே எடுத்து அனுப்புவோம். அதனால் எல்லார் கையும் தெரியும், முகம் தெரியாது.

ஒருநாள் கண்டியில் துணிக்கடை ஒன்றில் ஒரு கை லைனிங் துணியைத் தடவியது. புறங்கையில் அயன் சுட்ட தழும்பு. எங்கள் வகுப்புத் தெல்தோட்டை செல்வியேதான்! பேசக் கூச்சம். கையையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் கடைக்காரரிடம் சொன்னாள்: "அண்ணே, இந்தப் பொம்பள என் மோதிரத்தையே பாக்குறாங்க."

பெருவிரல்

மற்றவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சிரிப்பார்களோ என்று எல்லாவற்றுக்கும் உயர்த்திய பெருவிரல் படம்தான் போடுவேன்.

வகுப்பில் இன்னொருத்தர் அளவுக்குச் சல்வார் தைக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது பல்லேகலப் பக்கத்து றிஸானா அக்கா. கழுத்து வட்டமா, படகு மாதிரியா என்று கேட்டார். எது என்று சொல்லாமல் பெருவிரல் போட்டேன். உடனே குரல் வந்தது: "தங்கச்சி, ரெண்டு கழுத்து வெக்க எனக்கு ஒரு தலதான் இரிக்கி."

ஊரடங்கு

சல்வாருக்குக் கை பூட்டித் தைக்கும்போது கலவரம் வந்துவிட்டது. பல்லேகலப் பக்கம் முஸ்லிம்களின் கடை, வீடெல்லாம் எரிகிறது என்றார்கள். ஊரடங்கு போட்டு வாட்ஸ்அப்பையும் நிறுத்திவிட்டார்கள். அக்கா இருக்கிறாரா, இல்லையா?

நம்பர் இருந்தது. ஆனால் கோல் எடுத்தால் பேச வேண்டுமே. கையைப் பூட்டினேன், பிரித்தேன், திரும்பப் பூட்டினேன். "துணி கிழிஞ்சிரும், பேசித் தொலையேன்" என்றார் வீட்டுக்காரர்.

எடுத்தேன். "அக்கா" என்றேன். யாரென்று கேட்டார். "நான்... அந்தப் பெருவிரல்."

அழுதுவிட்டார். மெஷின், அலுமாரி எல்லாம் எரிந்துவிட்டதாம்; உடுத்த துணியோடு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாராம். சல்வார் முடிந்துவிட்டது என்றேன். அவர் சொன்னார்: "கொண்டு வாங்க தங்கச்சி. இப்ப எனக்கு மாத்துடுப்பு அதுதான்."

ஊரடங்கு எடுத்ததும் கொண்டுபோய்க் கொடுத்து அவர் அதைப் போட்டபடி நாங்கள் இருவரும் நின்று எடுத்து அனுப்பிய படத்துக்கு, கழுத்து வட்டமும் இல்லை படகும் இல்லை என்று டீச்சர் புள்ளி குறைத்தாலும், எங்கள் வகுப்பில் முகத்தோடு வந்த முதல் படம் அதுதான்.