எல்லைக்கோட்டோடு நிற்கும் புகை

எங்கள் அலுவலகத்தில் புகைக்கு ஓர் ஆள், தூசிக்கு ஓர் ஆள். தூசி நான். புகை, பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் அவரைப் புகையண்ணன் என்றே கூப்பிடுவார்கள். மனிதர் சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை.

செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். மேகம் பளிச்சென்ற வெள்ளை, தூசி பழுப்பு. புகைதான் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் நீலச் சாம்பலாகப் படர்ந்து கிடக்கும். வெயில் சாய்ந்து விழும் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் பிடிபடும். நடுப்பகலில் கண்ணாமூச்சிதான். அண்ணன் திரையில் மூக்கு உரசக் குனிந்து, மவுஸால் அதன் ஓரத்தைச் சுற்றி வரைவார். லேசு, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று நிறம். அந்தப் படத்தை மக்கள் போனில் பார்ப்பார்கள். இருபது வருடமாக இதே வேலை.

விதி ஒன்று உண்டு. காட்டுத்தீப் புகை எவ்வளவு தூரம் போனாலும் எங்கள் மாவட்ட எல்லையோடு வெட்டிவிட வேண்டும். அதற்கப்பால் இருக்கும் வானம் அடுத்த அலுவலகத்தின் பொறுப்பு. அங்கே புகைக்கு ஆளே கிடையாது என்பது வேறு விஷயம். ஆக, எங்கள் படத்தில் புகை நூறு கிலோமீட்டர் பறந்து வந்து, கோட்டைக் கண்டதும் நல்ல பிள்ளையாக நின்றுவிடும். அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளை என்றால் நாங்கள் வரையவில்லை என்று பொருள். இதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே.

அண்ணனின் அக்கா அந்த வெள்ளையில் குடியிருந்தார், கோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஆஸ்துமாக்காரர். தம்பி வரைந்த படத்தைப் பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார்.

இந்த வருடம் மேற்கு மலையில் தீ பிடித்தது. நான்கு நாள் அண்ணன் அடர்த்தி நிறத்தை இழுத்து வந்து, கத்தரி வைத்த மாதிரி கோட்டில் வெட்டினார். இயக்குநர் வந்து பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அக்கா நினைவு வரவில்லையா என்று பிறகு கேட்டேன். வந்ததாம். மச்சான் ஜன்னலைச் சாத்தியிருப்பார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாராம். அக்காவோ நான்கு நாளும் படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காலை நடைக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நானும் கூடப் போனேன். அக்கா ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்று விலக்கினார்.

“உன் படத்துல எங்க பக்கம் சுத்தமாத்தானேடா இருந்துச்சு?”

“அது சுத்தம் இல்லக்கா. நான் வரையல, அவ்வளவுதான்.”

“அங்க புகை இருந்தது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அக்கா முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் வெட்டவில்லை. புகையை அது போன இடம்வரைக்கும் வரைந்தார், கோட்டைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர். புகைக்கு ஆள் இல்லாத அடுத்த அலுவலகத்தில் கடிதம் எழுத மட்டும் ஆள் இருந்தது. தங்கள் எல்லைக்குள் முன்அனுமதியின்றிப் புகை வரையப்பட்டுள்ளதாம், உடனே நீக்க வேண்டுமாம். இயக்குநர் அழிக்கச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். இருபது வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் ‘முடியாது’. அன்று மாலைக்குள் அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டு, புகையையும் என் தலையில் கட்டினார்கள்.

நான் வெட்டினேன். தூசியை வெட்டிப் பழகிய கைதானே, கோணல் இல்லாமல் வந்தது. எனக்கு அந்தப் பக்கம் அக்கா இல்லை.

தினமும் காலையில் அண்ணன் கோப்பு அறையிலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்.

“நெஜமா எதுவரைக்கும் போயிருக்கு?”

திரையில் விரலால் காட்டுவேன். வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்வார். தேறி வீடு திரும்பிய அக்கா, புகை வரும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். தெருவிலும் சொல்லிப் பார்த்தாராம். படத்தில் ஒன்றும் இல்லையே என்று போனை நீட்டிக் காட்டினார்களாம். நான் வரைந்த படம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நடைக்குப் போகிறார்கள்.