கைப்பிடியில் நான் தடவிய எண்ணெய்

சபையாரே, மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது சாத்தான் வந்தான், எதிரி வந்தான் என்பார்கள். என் கதையில் வெளியாள் எவரும் வரவில்லை. எல்லாவற்றையும் செய்தவள் நான்தான். அப்படியிருந்தும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நாங்கள் தோட்டத்து ஆட்கள். யட்டவத்தயில் ஒரு கடையில் மிளகு, கராம்பு பக்கெட் போடும் வேலை எனக்கு. மகள் ஷாலினி மாத்தளையில் பதினோராம் தரம் படித்தாள். டெனிஸ் ஆடுவாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்தவர்கள்கூட இல்லை. அதனால் எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. ரிஸ்னா என்ற முஸ்லிம் பிள்ளையோடு சோடியாக ஆடுவாள். இருவரும் ஒரு பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிற சிநேகிதிகள்.

சென்ற வருடம், மாகாணப் போட்டிக்குத் தெரிவாகும் ஆட்டம் வந்தது. உபவாசக் கூட்டத்தில் போதகர் ஐயா ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் வீட்டில் இருந்தது. காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் நெற்றியில் பூசுவோமே, அதேதான். ஷாலினிக்கும் காலையில் பூசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ரெக்கெட்டை எடுத்து, கைப்பிடியிலும் ஊற்றித் தேய்த்தேன். அவளுக்குத் தெரியாமலிருக்கத் துணியால் துடைத்து வைத்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

நல்ல வெயில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஷாலினி உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். ரெக்கெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. வியர்வையில் எண்ணெய் ஊறி வருகிறது.

எழுந்து சொல்லியிருக்கலாம். சுற்றிலும் மற்றப் பெற்றோர் இருந்தார்கள். ரெக்கெட்டுக்கு எண்ணெய் பூசிய தோட்டத்து அம்மா என்று சிரிப்பார்களே என வெட்கப்பட்டேன். "கர்த்தரே, பார்த்துக்கொள்ளும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷாலினி பின்னாலிருந்து பந்தை ஓங்கி அடித்தபோது ரெக்கெட் கையை விட்டுப் பறந்தது. "ஐயோ" என்று கத்தினாள். முன்னால் வலைக்கருகே நின்ற ரிஸ்னா சத்தம் கேட்டுத் திரும்பினாள். நேராக வலது கண்ணில் பட்டது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

ரிஸ்னாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, பார்வை எப்படியிருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். இங்கே, புள்ளியை இழந்த கோபத்தில் ஷாலினி ரெக்கெட்டை வீசிவிட்டாள் என்று பயிற்சி கொடுக்கும் சேர் முடிவு கட்டி, அவளை அணியிலிருந்து நீக்கிவிட்டார்.

"வழுக்கிருச்சும்மா. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களாவது நம்புறீங்களா?" என்று அழுதாள்.

"நம்புறேன்டி" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு என்னால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. மூடினால் கட்டுப் போட்ட அந்தக் கண் வந்து நிற்கும். சபையில் எல்லோரும் கண் மூடியிருக்க, நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளையின் பார்வையைத் தாரும்" என்று கெஞ்சுவேன். கடையில் கராம்பு அள்ளும்போதும் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதுபோல் தோன்றும். போய்ப் போய்க் கழுவுவேன். கர்த்தரிடமிருந்து பதில் இல்லை.

பத்தாம் நாள் பின்னேரம் ரிஸ்னாவின் வீட்டுக்குப் போனேன். ஜெபித்துவிட்டு வரத்தான் போனேன், உண்மையைச் சொல்ல அல்ல. அவள் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"உங்கட மகள் வேணுமெண்டு செய்யல்ல. ரிஸ்னா அதத்தான் சொல்லிச் சொல்லி அழுறா. நான் துஆ கேக்கிறேன். நீங்களும் உங்கட முறையில கேளுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. எண்ணெயைச் சொன்னேன். தெரிந்தும் வாய் மூடி இருந்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்க்கவேயில்லை. பிறகு, "ஏண்ட புள்ளைட கண்ண அல்லாஹ் பாத்துக்குவான். நீங்க போய் உங்கட புள்ளைட பேரக் காப்பாத்துங்க" என்றார்.

மறுநாள் பாடசாலையில் அதிபர் முன்னால், அந்த சேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலை பஸ்ஸில் கண்ணை மூடினேன். இருட்டு மட்டுந்தான் இருந்தது. ஜெபித்தேன்.

அடுத்த வாரம் ரிஸ்னாவுக்குக் கட்டவிழ்த்தார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரியை மட்டும் தடுமாறி வாசித்தாளாம். மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். செய்திருக்கும். அந்த மருந்தை யார் ஆசீர்வதித்தார் என்று எனக்குத் தெரியும். புருவத்தில் தழும்பு இருக்கிறது.

ஷாலினியை அணியில் மறுபடி சேர்த்தார்கள். அவளிடம் உண்மையைச் சொன்ன நாளில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மேட்ச் நடக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றேன்.

அன்பானவர்களே, நீங்களும் எதையாவது மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? யாரிடம் சொல்ல வேண்டுமோ, எழுந்து போய் அவரிடம் சொல்லுங்கள். பிறகு முழங்காலில் நில்லுங்கள். கர்த்தர் கேட்கிறவர். இரங்குகிறவர். என்னைப் போன்றவளுக்கே இரங்கினாரே.

ஷாலினி ஆடும்போது இப்போதும் போய் உட்காருகிறேன். இடைவேளையில் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். ரெக்கெட்டை மட்டும் என்னிடம் தரமாட்டாள். ஒருநாள், "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்பாள் என்று விசுவாசிக்கிறேன். அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.