வலிக்காத இடம்

இரண்டாம் முறையும் அதே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அதே பெஞ்சில்தான் காத்திருந்தேன். முதல் முறை வந்தபோது சர்க்கரை நோயால் இடது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இந்த முறை முழங்காலையும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செயற்கைக்கால் போடப்போகிறவர்கள் என் தவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரிமங்கலம் பக்கம் ஓர் அரசு விதைப்பண்ணையில் எழுத்தர் நான். தினமும் காலை எட்டரைக்கு மழைமானி பார்ப்பதும் என் பொறுப்பு. மழை இல்லாத நாளிலும் பதிவேட்டில் பூஜ்யம் போட வேண்டும். காலியாக விட்டால், அன்று பார்க்கவில்லை என்று பொருள். அந்தப் பழக்கத்தில், செயற்கைக்கால் போட்ட நாளிலிருந்து காலுக்கும் ஒரு நோட்டு வைத்தேன். எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு வலி, கால் இறுக்கமாகப் பொருந்த எத்தனை காலுறை. எட்டு மாதம் ஒரு நாளும் தவறவில்லை.

அந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்தார். சாக்கெட்டுக்குள் (எஞ்சிய கால் நுழையும் கூடு) ஆறு இடங்களில் உணரிகளை (அழுத்தத்தை அளந்து காட்டும் மெல்லிய தகடுகள்) ஒட்டி, எனக்குக் கால் பொருத்திய டாக்டர் முன்னால் என்னை நடக்கவிட்டார். பின்னால் ஒயர்கள் இழுபட, தாளில் ஆறு பேனாக்கள் கோடு போட்டன.

"எந்த அழுத்தம் ஆகாதுன்னு மெசினுக்கு உங்க நோட்டை வச்சுத்தான் கத்துக்கொடுக்கப் போறேங்க. அப்புறம் யார் காலுக்குக் கூட்டை எங்க இழைக்கணும்னு அதுவே சொல்லிரும்."

என் மனைவி மேரி சிரித்தாள். "மெசினுக்கே வாத்தியாராயிட்டீங்க. இனி வூட்ல உங்களப் புடிக்க முடியாது."

எலும்பின் வெட்டுமுனைக்குரிய பேனா மட்டும் தாளின் விளிம்பை முட்டியது. "இங்க ரொம்ப அழுத்துது டாக்டர், கொஞ்சம் இழைச்சிரலாமா?" என்றார் ஆசிரியர்.

நான் நோட்டைப் புரட்டிக் காட்டினேன். அந்த இடத்துக்கான கட்டங்கள் எட்டு மாதமும் காலி. "அங்க ஒரு நாளும் வலிச்சதில்லைங்க. தகடு சரியா ஒட்டலையாட்டம் இருக்குது."

"இவரு நோட்டு தப்பாதுங்க," என்றார் டாக்டர். கூட்டை இழைக்கவில்லை.

மூன்றாம் வாரம், துவைக்க எடுத்த காலுறையை மேரி முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, இது வேர்வை இல்லீங்க."

வெட்டுமுனையில் எலும்பு தெரியும் புண். அவள் அதைச் சுற்றி விரலால் தொட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தேன். தொட்டதே தெரியவில்லை. நரம்புச் சிதைவு (சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போவது) எஞ்சிய காலிலும் ஏறியிருந்தது.

அறுவைக்கு முந்தைய பிற்பகல் டாக்டர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானாவது ஊசியால குத்திப் பார்த்திருக்கணுங்க."

ஆசிரியருக்குத் தபால் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். 'அந்தக் காலிக் கட்டங்களை வலி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்க்கவில்லை. மெசினுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள்.'

இப்போது நோட்டில் வலிக்குக் கட்டமே இல்லை. காலை எட்டரைக்கு மேரி காலுக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கிறாள். சிவப்பு இல்லை என்று அவள் சொன்ன பிறகு பூஜ்யம் போடுகிறேன். என் ஒரு நாள், ஒரு பூஜ்யத்திலிருந்து அடுத்த பூஜ்யம் வரைதான்.

வலது பாதம் வலிக்கவே இல்லை. முதலில் அதைத்தான் பார்க்கிறோம்.