அண்ணன் கால்மேல் போட்ட பழி

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. முகத்துக்கு நேரே "அக்கா", முதுகுக்குப் பின்னால் "உடும்பு". வண்டியின் கோளாறு ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் டிரைவர்கள் வைத்த பட்டம். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "புடிச்சா விடமாட்டேன்னுதானே சொல்றாங்க? சொல்லிட்டுப் போகட்டும்" என்று ஸ்பேனரைத் தேடப் போய்விட்டாள்.

லாரிப் பட்டறை ஒன்றில் பில் போடத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்காலியில் அடங்கி உட்காருகிற உடம்பா அது? மேசைக்கும் எஞ்சினுக்கும் நடையாய் நடந்து, கடைசியில் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. அங்கே ஒரு சட்டம் உண்டு. "மாத்திப் பாப்போம்" என்ற பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. எது கெட்டது என்று தெரியாமல் புதுச் சாமானை வாங்கி மாட்டுகிறவனை அவள் மெக்கானிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான், சொந்த அண்ணன் வண்டி கரும்புகை கக்கியபோது, பானெட்டைக்கூடத் திறக்காமல் தீர்ப்புச் சொன்னாள்.

அண்ணன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். பெட்ரோலில் ஓடும் சின்ன லாரி, பின்னால் மூடிய பெட்டி. விடிந்ததும் பேக்கரியில் ரொட்டியை ஏற்றி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விடுதி என்று நின்று நின்று இறக்குவார். அண்ணி கூடவே போய்த் தட்டுகளை எடுத்துக் கொடுப்பார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வண்டி பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. எரியாத பெட்ரோலின் நாற்றம் பெட்டிக்குள் புகுந்து ரொட்டியில் ஏறியது. அண்ணன் வந்து சொன்ன அன்று பட்டறையில் வேலை தலைக்குமேல் கிடந்தது.

"அண்ணே, உனக்குக் கால் கனம். ஆக்சிலரேட்டரைப் போட்டு மிதிக்கிறே. மெதுவா ஓட்டு, சரியாப்போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

உடும்பு சொன்னபிறகு அப்பீல் ஏது? அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்ட ஆரம்பித்தார். பேக்கரிக்காரர் ஒருபடி மேலே போய், "பாவம், அவருக்குக் கால் நிதானம் போயிடுச்சு" என்று போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் பரப்பினார். வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த மனுஷன், கொல்லைப்புறத்தில் ரொட்டித் தட்டுகளைக் கழுவிக்கொண்டு கிடந்தார். புகை மட்டும் நின்றபாடில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ரொட்டி நடை முடிந்த கையோடு அண்ணி வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரியில ரொட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. திங்கக்கிழமை பேக்கரிக்காரரே நேர்ல வந்து மோந்து பாக்கறாராம். அன்னிக்கும் நாத்தம் அடிச்சா வேற வண்டி பாத்துக்குவேன்னுட்டாரு. இருக்கறது இந்த ஒரு வண்டி. இதுவும் போச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

"அண்ணி, நீங்க ஓட்டும்போதுமா புகையுது?"

"பின்னே? நான் ஓட்டற வேகத்துக்குச் சக்கரத்துக்கடியில எறும்பு மாட்டினாக்கூட எந்திரிச்சுப் போயிடும். அதுக்கே அந்தப் புகை."

உடும்பு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எறும்பு வேகத்திலும் புகைகிறதென்றால் அண்ணன் காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சுருக்கென்றது. "கண்டுபுடிக்காம இந்த வண்டி இங்கேருந்து நகராது" என்று சட்டைக் கையை மடக்கினாள்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். நான்கும் அடுப்புக்கரி அப்பியது போல ஒரே கறுப்பு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதற்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது எனலாம். நான்கும் கறுத்திருந்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது. காற்று வரும் வழியைப் பார்த்தாள். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. பெட்ரோல் அழுத்தத்துக்கு மீட்டர் வைத்தாள், அதுவும் அளவோடு நின்றது. அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒழுகுகிறதோ என்று அதன் குழாயை உருவி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பெட்ரோல் வாசனையே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினாள், அதுவும் ஒரு குறையும் காட்டவில்லை. புகைக்குழாயில் இருக்கும் சென்சார், பெட்ரோல் அதிகம் என்று கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அந்தச் சென்சாரையே மாத்திப் பாத்தா என்னம்மா?" என்றார் அண்ணி.

அவள் பார்த்த பார்வையில் அண்ணி ஸ்டூலை நகர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை ரொட்டி நடைக்கு அண்ணியை வண்டியை எடுக்கச் சொல்லி, ஸ்கேனரோடு அவளும் ஏறிக்கொண்டாள். பேக்கரி முதல் கடைசி விடுதி வரை கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு தூரம் ஓடியும் எஞ்சின் சூடு இருக்கவேண்டிய அளவில் பாதிக்குமேல் ஏறாமல் நின்றது. நேற்றும் அதைப் பார்த்திருந்தாள். எஞ்சின் குளுகுளுவென்று இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள். இப்போது அந்த எண்மேல் சந்தேகம் வந்தது. சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறதோ?

பட்டறைக்கு வந்ததும் அதைக் கழற்றி வெந்நீரில் போட்டு மீட்டரை வைத்தாள். மீட்டர் முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. சென்சார் சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டாள். ஓடி வந்த வண்டியில் அது கையைச் சுட்டுவிட வேண்டும். குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது.

அண்ணி பெருமையாகச் சொன்னார்: "நீ கை வெச்சதிலேருந்து வண்டி ஒருநாள்கூடச் சூடேறினதில்லைம்மா. எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோடையில் இந்த வண்டி மேம்பாலத்தில் கொதித்து நின்றது. அவள்தான் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாள். அதோடு விட்டாளா? எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து நிற்கும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வைக் கழற்றிக் குப்பையில் வீசினாள். அவள் தொழில் படித்த பட்டறையில் அதுதான் வழக்கம். வெயில் அடிக்கிற ஊரில் இது எதற்கு, அடைசல் என்று எல்லா லாரிக்கும் பிடுங்கிப் போடுவார்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் பொறுத்துக்கொண்டன. இதில் இருப்பது கம்ப்யூட்டர். எஞ்சின் சூடாகும்வரை அது பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊற்றும். கோடையில் வெயிலே எஞ்சினைச் சூடாக்கிக் காப்பாற்றியது. மழை வந்ததும், நின்று நின்று போகிற வண்டிக்கு நாள் முழுக்க விடியற்காலைக் குளிர். ஊற்று ஊற்று என்று ஊற்றிக்கொண்டே இருந்தது.

புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்த அரை மணி நேரம் ஆகாது. எதையோ துடைத்தேன், சரியாகிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வால்வைப் பொருத்தி முடித்த கையோடு, கிரீஸைக்கூடக் கழுவாமல் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணன் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"உன் கால் இல்லண்ணே. நான் பண்ண வேலை. பாக்காம கொள்ளாம உம்மேல பழியைப் போட்டுட்டேன்."

அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"நானும் நம்பிட்டேன் பாப்பா. நீ சொன்னா தப்பா இருக்காதுல்ல? கால் மரத்துப் போச்சோன்னு டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டு வந்தேன். ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு. அவருக்குத்தான் தெரியலைன்னு நெனச்சேன்."

உடும்பு அழுதுவிட்டாள். பட்டறையில் விரல் நசுங்கியபோதுகூட அழாதவள்.

திங்கட்கிழமை சாவியை அண்ணன் கையில் திணித்து, அண்ணியையும் ஏற்றிக்கொண்டு அவளும் ஏறினாள். மேம்பாலம் வந்தது. அண்ணன் ஆக்சிலரேட்டரை முட்டைமேல் கால் வைப்பது போலத் தொட்டார். வண்டி முக்கியது, பின்னால் வந்தவர்கள் ஹாரனால் காதைக் கிழித்தார்கள்.

"மிதிண்ணே."

"புகை வந்துட்டா?"

"வந்தா அது எம்மேல. நீ மிதி!"

மிதித்தார். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பக்கத்துக் கண்ணாடியில் ஈரமான சாலையும் பின்னால் வந்த வண்டிகளும் பளிச்சென்று தெரிந்தன.

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு வாசலில் பேக்கரிக்காரர் காத்திருந்தார். கூட இரண்டு டிரைவர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர் பெட்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு வெகுநேரம் மோந்தார். ஒரு ரொட்டியைப் பிய்த்து மென்றார்.

"ரொட்டி வாசனைதான் வருது. சரி, இந்த வண்டியே ஓடட்டும். கோளாறு என்னவாம்?"

அண்ணன் முந்திக்கொண்டார். "ஒரு சின்ன வால்வுங்க. எந்தங்கச்சி விடாம தேடிக் கண்டுபுடிச்சிட்டா."

தங்கச்சிக்கு அது தாங்கவில்லை. டிரைவர்கள் இருவருக்கும் கேட்கிறமாதிரி குரலை உயர்த்தினாள்.

"அந்த வால்வைப் புடுங்கிப் போட்டதே நான்தாங்க. எங்கண்ணன் காலுக்கு ஒரு குறையும் கிடையாது. குறைன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் திருப்பிச் சொல்லிடுங்க. சொல்றவரைக்கும் விடமாட்டேன்."