எண்ணெய்ச் சொட்டு எண்ணிய வாரம்

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு வாரம் முழுக்க நான் எண்ணெய்ச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சுவா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில், கடல் மீனுக்காக ஓர் ஐஸ் மிஷினைப் போட்டிருந்தார்கள். அமோனியாவில் ஓடும் மிஷின். ஓட்டியவர் என் அக்காவின் கணவர். வெள்ளைக்காரன் விட்டுப்போன மிஷின் எண்ணெய் தீரும் நிலை வந்தது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் செம்பனை எண்ணெயைக் கலந்து பார் என்று, ரப்பர் பாலைச் சோதித்துக்கொண்டிருந்த என் தலையில் கட்டினான் ஜப்பான் அதிகாரி. மாற்று எண்ணெய் கிடைத்தால் மச்சான் இங்கேயே இருப்பார். மிஷின் நின்றால், போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு அவர் லாரி ஏற வேண்டும்.

கலவையில் அமோனியாவைக் குமிழவிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அது இறங்கி முடிய எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். சொட்டு பெரிதாக, எண்ணிக்கை குறைவாக விழுந்தால் எண்ணெயின் மேற்பரப்பு நன்றாக இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். சின்னச் சின்னதாக நிறைய விழுந்தால் மிஷினுக்குள் நுரைத்துவிடும். பழைய எண்ணெய் நாற்பது சொட்டு. என் கலவை ஐம்பதுக்குக் கீழே வருவேனா என்றது. அளவை மாற்றி மாற்றிக் கண் பூத்துப்போனது.

ஆயுத பூசைக்கு மறுநாள், திடீரென்று நாற்பத்தொன்று. மச்சான் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் நம்ப முடியவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியைச் சுற்றிக் காய்ந்த சந்தனம். எண்ணெய் அதில் படர்ந்து, சொட்டு கொழுத்து விழுந்திருக்கிறது.

“பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் வச்ச மாதிரி இதுக்கும் வச்சேன் மாப்ள.”

“ஒரு வார வேல மச்சான். இப்படியா கெடுப்பீங்க?”

“என்னத்த கெடுத்தேன்? நாப்பத்தொண்ணுன்னே எழுதிக் குடு லா.”

கழுவிவிட்டு எண்ணினேன். ஐம்பத்திரண்டு. மோசமான எண்ணெயை ஊற்றி மிஷின் வெடித்தால் முதலில் சாவது நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, என் கணக்குத் தப்பக்கூடாது என்ற வீம்பு.

ஐம்பத்திரண்டு என்றே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு என் முதுகில் தட்டினான். நேர்மையான ஆள், ஆலையிலேயே இருக்கட்டும் என்றான். மூன்றாம் நாள் மிஷினை நிறுத்தினார்கள். மச்சான் லாரி ஏறினார்.

அவர் திரும்பவில்லை. அந்தக் காகிதத்தில் நான் நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கலாம் என்பதை அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை.