பீலிக்கரையில் கேட்ட மன்னிப்பு

எழுபதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. உலகத்தைத் திருத்தும் பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு வேறு. காலையில் வகுப்புக்குள் பனிமூட்டம் புகுந்துவிடும். பின்வரிசையில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பெயரைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்வேன். அந்தக் குளிரை நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது.

முதியோரைக் கவனிக்காமல் விடுவது பற்றி ஒரு நாடகம் போட வேண்டும் என்று தோட்டத்து இளைஞர் மன்றத்தில் முடிவானது. எழுதும் வேலை எனக்கு. கதைக்காக நான் அதிக தூரம் போகவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தின் பின்பக்கமாகத்தான் தினமும் பாடசாலைக்குக் குறுக்கு வழியில் நடப்பேன். அங்கே ஒரு தாத்தா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், கழிவுநீர்க் கான் ஓரத்தில் குந்தி ஒரு டின் மூடியில் ரொட்டியைப் பிய்த்துத் தின்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மகனும் மருமகளும் குழந்தையும் உள்ளே இருப்பார்கள். தூறல் விழுந்தாலும் இவர் வெளியேதான். ஒரு நாளும் நின்று அவரிடம் பேசியதில்லை. ஆனால் பார்த்ததை அப்படியே நாடகத்தில் எழுதிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடசாலையில் நாடகம். யாரோ கொடுத்த இரண்டு சேலைதான் திரை. கிழவர் வேடம் எனக்கு, தலையில் வெண்கட்டித் தூள். தாத்தா இடது காலை இழுத்து நடப்பார், நானும் இழுத்தேன். அவரைப் போலவே இருமினேன். சனங்கள் ஆளைக் கண்டுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். டின் மூடியைக் கீழே வைத்ததும் சிரிப்பு நின்றது. எல்லாத் தலைகளும் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பின. நாடகம் வெற்றி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள், மலைத் தண்ணீர் விழும் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அந்த மருமகளைப் பெண்கள் வார்த்தையாலேயே குத்தியிருக்கிறார்கள். குடத்தை வைக்கக்கூட இடம் விடவில்லையாம். அதற்கு அடுத்த நாள் காலையில் தாத்தாவைக் காணவில்லை. துணி மூட்டையோடு டவுன் பக்கம் போனார் என்று ஒருவர் சொல்ல, பாடசாலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அப்புத்தளை பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கை மகள் இருக்கிறாளாம், அங்கே போகிறாராம். அவள் வைத்துக்கொள்வாளா என்று கேட்டேன். தெரியாது என்றார். நாடகத்தை அவருக்காகத்தான் போட்டேன் என்று அசட்டுத்தனமாக ஏதோ உளறினேன்.

"நான் மூடியில திங்கிறது எங்க வீட்டுக்கு மட்டுந்தான் தெரியும்னு இருந்தேன் மாஸ்டர்," என்றார் மெதுவாக. "இப்ப எம் மவன ஊரே காறித் துப்புது. அவனப் பெத்தவன் நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று அப்போதுதான் அவரிடம் கேட்டேன். அவர் ஏற வேண்டிய பதுளை பஸ் வந்து, நின்று, போயும்விட்டது. தன்னை ஏன் வெளியே வைத்தார்கள் என்று மருமகளிடம் கேட்கச் சொன்னார். கேட்க அவருக்கே இத்தனை நாளும் பயமாம். திரும்பி நடக்கும்போது, என் பக்கத்தில் காலை இழுக்காமல் நடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

மருமகள் வேலைக்குப் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள். கேட்டதும் உடைந்துவிட்டாள்.

"ஆறு மாசமா இருமுறாரு மாஸ்டர். காச நோயா இருக்கும்னு பயம். எம் மொதப் புள்ளைய இருமலுக்குத்தான் பறிகுடுத்தேன். வெளிய சொன்னா லயத்துல எங்கள ஒதுக்கி வச்சிருவாங்க. யாருகிட்ட போயி கேப்பேன்?"

படித்தவன் என்று அந்தக் கீழ் லயத்து வழியாக நான் ஒருவன் தினமும் நடந்திருக்கிறேன். நான் மேடையில் இருமிக் காட்டிக் கைதட்டல் வாங்கிய அந்த இருமல்தான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

அந்த வாரமே தாத்தாவை ரயிலில் பதுளைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மலையாகக் காட்டி, தான் எங்கெங்கே கவ்வாத்து வெட்டினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், காசம் இல்லை, இழுப்புதான் என்று மருந்து கொடுத்தார். அன்று பின்னேரம் மருமகள் அவரை உள்ளே கூப்பிட்டு, தட்டில் சோறு போட்டாள். அதற்காக எல்லாம் இனித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அவர் உள்ளே இருந்தார்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் ஏற்கவில்லை. "வீட்டுக்குள்ள சொல்லி என்னா பிரயோசனம்? பீலிக்கு வந்து சொல்லுங்க," என்றாள். நியாயம்தானே. விடியற்காலையில், குடங்களோடு நின்ற பெண்களுக்கு நடுவே வேட்டியைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். விசாரிக்காமல் எழுதினேன், தப்பு என்னுடையது, இவளை ஏசாதீர்கள் என்று சொன்னேன். சிலர் சேலையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் தன் குடத்தை நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டாள்.

முதியோர் படும் கொடுமை பற்றிப் பேச இன்றும் என்னை அழைக்கிறார்கள், போகிறேன். ஆனால் இன்னொருவர் வீட்டுத் துயரத்தைச் சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவரிடம் கேட்டாயா என்று நெஞ்சு கேட்கிறது. கேட்கவில்லையென்றால், நாலு வார்த்தை பொதுவாகப் பேசிவிட்டு, கைதட்டல் இல்லாமலே இறங்கிவிடுகிறேன்.