ஃப்ரீசருக்குள் வெயில்

போன வாரம் கேஸ் போட வந்த தம்பி, பின்கட்டில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா... ஃப்ரீசர்குள்ள ஏன் லம்பு எரியுது?"

நியாயமான கேள்விதானே? மூடி கழற்றிய பழைய ஃப்ரீசர். அதன் மேல் குறுக்காக ஒரு துடைப்பக் கம்பு. கம்பிலிருந்து சங்கிலியில் ஒரு பெரிய விளக்கு தொங்குகிறது. உள்ளே கீச் கீச்சென்று ஒரே கச்சேரி.

"எட்டிப் பாருங்க தம்பி," என்றேன். பார்த்தார். அடுத்த வீட்டுக்குச் சிலிண்டர் போக வேண்டும் என்பதையே மறந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன... சில வாரமாக நானும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இங்கே வந்துதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

விஷயம் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடமிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊர் சுங்கை லாலாங்கில், எங்கள் வரிசை வீடுகளில் கோழி வளர்ப்பவர் அவர் ஒருவர்தான். முட்டி தேய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தால் போக மாட்டார். ஒரு தடவை, கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்பார். இன்னொரு தடவை, குஞ்சுகள் சின்னது என்பார். இந்த முறையும் தேதி நெருங்கிய நேரம் பார்த்து, அவருடைய கறுப்பி குஞ்சு பொரித்துவிட்டது. கறுப்பி என்றால் கறுப்பு நாட்டுக்கோழி. அக்காவுக்கு அது கிட்டத்தட்ட இரண்டாவது மகள்.

நானும் என் வீட்டுக்காரரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். "நீங்க போங்கக்கா. கோழிய நாங்க பாத்துக்குறோம்லா."

அலோர் ஸ்டாரிலிருந்து மகள் காடியில் வந்து அழைத்துப் போனாள். ஏறி உட்கார்ந்த பிறகும் அக்கா கண்ணாடியை இறக்கி, "கறுப்பிக்குக் கூண்டுக் கதவ..." என்று ஆரம்பித்தார். கையசைத்து அனுப்பி வைத்தோம்.

மறுநாள் காலையிலேயே உடும்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் பெரிய லோங்காங், அந்தக் கால்வாய் இருக்கிறதே, அதிலிருந்துதான் ஏறியிருக்க வேண்டும். சத்தம் கேட்டு நாங்கள் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடும்பு வெறும் வாயோடு திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். கறுப்பி ஒரு குஞ்சைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை! மூலையில் இறக்கையை விரித்தபடி கிடந்தது. கழுத்தெல்லாம் ரத்தம். உயிர் இல்லை.

வீட்டுக்காரர் தூக்கப் போனார். நான்தான் தடுத்தேன். அந்த இறக்கைக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. குஞ்சுகள் எல்லாம் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே அமைதியாக இருந்தன. தாயின் உடம்பு ஆற ஆற... ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிக்காக அழுகிற ஆள் நான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அழுதுகொண்டே நிற்க நேரமில்லை. வெளியே விடாத மழை. சூடு இல்லாவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது. அடுத்த நாள் அக்காவுக்கு ஆபரேஷன். விஷயம் மட்டும் காதுக்குப் போனால், மனுஷி ஆஸ்பத்திரி உடுப்போடு பஸ் ஏறி வந்துவிடுவார். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் அந்த முட்டிக்கு வைத்தியம் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவர். "இப்ப என்ன, ஒரு கோழித்தாய் செய்யணும். அவ்ளோதானே?" என்றார்.

அவ்வளவுதானாம்!

ஆனாலும் கைவேலை தெரிந்தவர்தான். கெட்டுப்போன ஃப்ரீசரை இழுத்துப் போட்டு, மூடியைக் கழற்றினார். குளிரை வெளியே விடாத சுவர், சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்பது அவருடைய கணக்கு. தச்சுப் பட்டறையிலிருந்து மரச்சீவல் கொண்டுவந்து அடியில் பரப்பினார். ஒயர் இழுத்து பல்பு மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே பளிச்சென்று பகல் வந்தது. நாங்கள் இருவரும் கைதட்டினோம்.

குஞ்சுகள் கைதட்டவில்லை. பல்புக்குக் கீழேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முன்னைவிட அதிகமாக அலறின.

அவர் கையை விட்டு பல்பைத் தொட்டுப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "சூடே இல்ல... இது எல்இடி."

மின்சார பில்லைக் குறைக்கிறேன் பேர்வழி என்று வீடு முழுக்க எல்இடி மாற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது சூடான பல்புக்கு எங்கே போவது? வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி உள்ளே வைத்துவிட்டு, சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய் ஹார்ட்வேர் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இருந்த பெண் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அங்கிள், அந்த குண்டு பல்பெல்லாம் இப்ப வர்றதில்லலா. எல்இடி எடுங்க. எவ்ளோ நேரம் எரிஞ்சாலும் சூடாவாது."

"எங்களுக்குச் சூடுதாம்மா வேணும்!"

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் போனைத் திறந்தால் வாட்சாப்பில் எத்தனை குட் மார்னிங், எத்தனை ரோஜாப்பூ... எல்லாம் பளபளவென்றுதான் வருகிறது. தொட்டுப் பார்த்தால் நம் வீட்டு பல்பு மாதிரிதான் இருக்கிறது, இல்லையா?

வெறுங்கையோடு திரும்பினோம். பாட்டில்கள் ஆறிப்போயிருந்தன. ஒரு குஞ்சு கத்துவதையே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் மாறி மாறிக் கொதித்தது. அன்று நான் சோறே வைக்கவில்லை. சாயங்காலம், சாப்பாட்டுக்கு ஏதாவது வாங்கி வரலாம் என்று திகாம் பத்து பாசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைக்கு, ஓடினேன்.

எங்களுக்கு வழக்கமான கடை குமாருடைய கடை. என்ன கடை என்கிறீர்கள்? பொரித்த கோழிக்கடை. எதற்காக அலைகிறோம், எதை வாங்கப் போகிறோம் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை!

பொட்டலத்தை வாங்கத் தட்டுக்கு மேலே கையை நீட்டினேன். புறங்கையில் சுள்ளென்று சூடு. நிமிர்ந்து பார்த்தேன். பொரித்த கோழி ஆறாமல் இருக்க, தட்டுக்கு மேல் இரண்டு பெரிய லம்புகள் தொங்கின.

"குமாரு... இந்த லம்பு எங்க வாங்குனே?"

"ஆன்லைன்லக்கா. வந்து சேர நாலஞ்சு நாளாவும். ஏன்?"

சொன்னேன். கையில் இடுக்கியோடு என்னையே பார்த்தான்.

"அக்கா, என் பொழப்பே கோழியப் பொரிச்சு விக்கிறதுதான். எங்கிட்ட வந்து கோழிக்குஞ்சக் காப்பாத்தச் சொல்றீங்களே!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு லம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மழை நாள். ஆறிப்போன கோழியை யார் வாங்குவார்கள்? பாதித் தட்டு இருட்டாகிவிட்டது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. "ரொம்ப சுடும்க்கா, ஒசரமாக் கட்டுங்க," என்று ஒயரைச் சுற்றிக் கொடுத்தான்.

ஒரு கையில் பொரித்த கோழி, இன்னொரு கையில் லம்பு. அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது?

லம்பைத் தொங்கவிட்டதும் குஞ்சுகள் நாலா பக்கமும் ஓரத்துக்கு ஓடின. சூடு அதிகம். சங்கிலியைக் கொஞ்சம் ஏற்றினார். தயங்கித் தயங்கி ஒன்று நடுவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மற்றவை வந்தன. அலறல் குறைந்தது. பிறகு அட்சதை தூவியது போலத் தள்ளித் தள்ளிப் படுத்துக்கொண்டன. சட்டைக்குள் இருந்த குஞ்சையும் இறக்கிவிட்டோம். சற்று நேரத்தில் அது எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு?

ஒரு ஃப்ரீசர், ஒரு லம்பு, ஒரு சங்கிலி, ஒரு மெக்கானிக்... இத்தனையும் வேண்டியிருந்தது எங்களுக்கு. கறுப்பி இதையெல்லாம் இரண்டு இறக்கையை வைத்துக்கொண்டு செய்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன். "கறுப்பி எப்படிடி இருக்கு?"

எனக்குப் பொய் வரவில்லை. "குஞ்செல்லாம் நல்லாருக்குக்கா, சத்தத்தக் கேளுங்க," என்று போனை ஃப்ரீசருக்குள் நீட்டிவிட்டேன். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, கொஞ்சம் கழித்து மறுபடியும் கிறீச்சிட்டது. "சரிடி. வைக்கிறேன்," என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் வீட்டில் தங்கித் தேறி, போன ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா கோலூன்றி வந்தார். எப்படிச் சொல்வது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவர் நேராக ஃப்ரீசரிடம் போனார். இறக்கை முளைத்துத் துள்ளிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்தார்.

"கறுப்பி அன்னிக்கே போயிருச்சுல்ல?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குஞ்சோட இருக்குற கோழி கொக் கொக்னு கூப்ட்டுக்கிட்டே இருக்கும்டி. போன்ல அது சத்தமே வரல. பெட்ட விட்டு எறங்கிட்டேன். ஆனா குஞ்சுங்க அலறல... தூங்கப்போற சத்தம் கேட்டுச்சு. யாரோ சூடு குடுக்குறாங்கன்னு தெரிஞ்சிச்சு. அதான் திரும்பப் படுத்துட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

லம்பை வாங்கிப் போக அன்று சாயங்காலம் குமார் வந்தான். இனிமேல் இவற்றுக்கு லம்பு வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். அவன் பிளக்கைப் பிடுங்கவில்லை. குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா... இந்த லம்புக்குக் கீழ கோழி அசையிறத இன்னிக்குத்தான் பாக்குறேன்."